முதுகு காட்டிப் பார்த்த நாடகம்

என் மாமனார் நாற்காலியை டி.வி.க்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் மணிமுத்தாறு அருவி. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். எழுந்து பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினார். பக்கவாட்டில் இன்னொரு தட்டு. பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாப்ளே, தண்ணி விழ மாட்டேங்கு. அப்படியே நிக்கி."

மாடிப்படி வழியாக எட்டிப் பார்த்தால் கூடம் தெரியும். எனக்கு அவர் தெரிந்தார். ஆனால் பதில் சொல்ல வழியில்லை. என் கையில் மைக் இருந்தது, அது ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு நாடகத்தில் மாப்பிள்ளை; அதே நாடகத்தில் மாமனாரும் நானே. உண்மையான மாமனாருக்கு ஒதுக்க என்னிடம் குரல் மிச்சமில்லை.

அருவி ஏன் விழவில்லை என்றால், அது காலண்டர்.

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய, கேபிள் இழுக்க நான் புளியமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார், நீங்கள் உருப்படியாக எதுவுமே செய்ததில்லையா என்று. செய்திருக்கிறேன் அம்மா. ஒரு நாடகத்துக்கு முடிவு எழுதியிருக்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஒரு வருஷ அவகாசம்

தொண்ணூறுகளின் நடுவில், முக்கூடலில் எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் நான்தான் கேபிள் டி.வி. அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடியில் அண்ணனோடு இருந்தார்கள். வீட்டில் நானும், கல்யாணமாகி வந்த வடிவும் மட்டும். மாடி அறையில் ஒரு வி.சி.ஆர்., ஒரு பழைய டி.வி., வயர்கள், எலி. அந்த அறையை நான் 'நிலையம்' என்பேன். வடிவு 'மச்சு' என்பாள்.

வடிவுக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர். அவள் அப்பாவுக்கு அங்கே கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு லாட்ஜ். பெண் கொடுக்கும்போதே ஒரு பேச்சு பேசியிருந்தார். மாப்பிள்ளை ஒரு வருஷம் கேபிளை நடத்திப் பார்க்கட்டும், சரிப்படவில்லை என்றால் ஆவணித் திருவிழா முடிந்ததும் லாட்ஜுக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்துவிட வேண்டும். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். ஒரு வருஷத்தில் சென்னையிலிருந்தே ஆட்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

லாட்ஜ் என்றால் நான் பத்தடி தள்ளி நிற்பேன். விடிகாலையில் மொட்டை போட்ட குடும்பம் குடும்பமாக வந்து வெந்நீர் எங்கே என்று கேட்கும். சாவியைக் கொடு, சாவியை வாங்கு. அந்தக் கல்லாவுக்குப் பின்னால் என் தலை நரைப்பதை நான் கனவில்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் வடிவுக்கு அங்கே போகத்தான் ஆசை என்று நினைத்தேன். சாப்பிடும்போது கடல் காற்றைப் பற்றிச் சொல்லுவாள், அப்பா வீட்டில் மீன் எப்படி இருக்கும் என்று சொல்லுவாள். கேட்டால்தானே தெரியும்? நான் கேட்கவில்லை. நிலைய இயக்குநருக்கு ஆயிரம் வேலை.

பலகை

டீக்கடை முன்னால் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தேன். அன்றாட நிகழ்ச்சிகளைச் சாக்பீஸால் நானே எழுதுவேன். மனித குலத்தை நான் மூன்றாகப் பிரித்திருந்தேன். காலையில் விழித்திருப்பது ஓய்வுபெற்றவர்கள், அவர்களுக்குப் பக்திப் பாட்டு. மதியம் பெண்கள், அவர்களுக்கு அழுகை. இரவு ஆண்கள், அவர்களுக்குக் கலை.

எதை வைத்து ஆண்களுக்குக் கலை என்று முடிவு செய்தேன் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. நானும் ஆண் என்பதைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஒரு கேசட் கடைக்காரர் ஒரு தொடரை மூட்டையாக என் தலையில் கட்டினார். யாரோ சொத்தை விற்று எடுத்து, எந்தச் சேனலும் வாங்காமல் கிடந்த தொடர். பெயரைச் சொல்ல மாட்டேன், எடுத்தவர் எங்கேயாவது நல்லபடியாக இருக்கட்டும். கதாநாயகி சாரதா. அவள் கணவன் ஒரு வேலைக்கும் போகாமல் ஓவியம் வரைகிறேன் என்று மாடியிலேயே அடைந்து கிடப்பான். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்படியும் ஒரு பொறுப்பில்லாத ஜென்மம் உண்டா என்று வடிவிடம் கேட்பேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மோரை ஊற்றுவாள்.

படம் பிடித்திருந்த விதம் அருமை. பத்து நிமிஷத்துக்கு ஜன்னலில் மழை வழியும். யாரும் பேச மாட்டார்கள். இதுதான் கலை என்று இரவு எட்டு மணிக்குப் போட்டேன். எட்டே காலுக்கு ரைஸ்மில் அண்ணாச்சி ஆள் அனுப்பிவிட்டார், கேபிளில் ஏதோ தண்ணீர் இறங்கிவிட்டது போல, சரி பண்ணச் சொல்லுங்க என்று.

மறுநாள் பலகையை அழித்து எழுதினேன். தொடர் மதியம் இரண்டு மணிக்குப் போயிற்று. இரவுக்குச் சண்டைப் படம். கலைக்கு நேரமில்லை.

முதுகுகள்

இரண்டு மணிக்குப் போட்டதும் தொடர் பிய்த்துக்கொண்டு போனது. தெருவில் எங்கே போனாலும் சாரதா பேச்சு. சரி, நேயர்களை நேரில் கண்டு வருவோம் என்று ஒரு நாள் கேசட்டை ஓடவிட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும். ஃபேன் போட்டால் தூள் பறக்கும், உள்ளே இருட்டு. அதனால் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் எல்லாரும் வாசலில்தான் உட்காருவார்கள், தெருவைப் பார்த்து. டி.வி. உள்ளே மேசைமேல், முதுகுக்குப் பின்னால்.

வீடு வீடாகப் பார்த்தேன். சாரதா உள்ளே விம்மிக்கொண்டிருக்கிறாள். வாசலில் ஒரு பெண்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் மடியில், காது பின்னால். ஒரு வீட்டில் டி.வி. ஓடினால் இந்தப் பக்கம் இரண்டு வீடு, அந்தப் பக்கம் இரண்டு வீடு கேட்டுக்கொண்டிருந்தது. வடிவும் எதிர்வீட்டு வாசலில் அவர்களோடு உட்கார்ந்து, யாருக்கோ இலை நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பீடி சுற்ற வராது. வந்த புதிதில் மதியமெல்லாம் தனியாகக் கிடந்தவளை நாடகம் கேட்க வா என்று கூப்பிட்டு உட்கார வைத்தது இவர்கள்தான்.

எனக்கு மானம் போய்விட்டது. எவ்வளவு நல்ல படம், ஒருதரம் திரும்பிப் பார்த்தால் என்ன என்று எதிர்வீட்டு மாரியக்காவிடம் கேட்டேன். மாரியக்கா அந்த வரிசைக்கே தலைவி மாதிரி. நூலைப் பல்லில் கடித்தபடி சொன்னாள்: "தம்பி, படமெல்லாம் நல்லாத்தான் இருக்கும். சத்தந்தான் பத்தல. கூட வையும்."

இதில் இன்னொரு கூத்து. ஒரு நாள், இலை கொடுத்துச் சுற்றிய பீடியை வாங்குகிற பீடிக் கடையிலிருந்து ஆள் வந்தது. சாரதா அழுகிற அன்றைக்கெல்லாம் வருகிற பீடி தொளதொளவென்று இருக்கிறதாம், கழித்துப் போட்டு மாளவில்லையாம். மாமியார் கொடுமை வருகிற அன்றைக்கு மட்டும் இறுக்கமாக, அருமையாக வருகிறதாம். அழுகையை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற முடியுமா, அன்றைக்குக் கடை லீவு என்று கேட்டார்கள். நான் யோசிக்கிறேன் என்று கம்பீரமாகச் சொல்லி அனுப்பினேன். நிகழ்ச்சி நேரத்தைப் பற்றி ஒரு நிறுவனம் என்னிடம் ஆலோசனை கேட்டது வாழ்க்கையில் அது ஒருதரம்தான்.

கடைசி கேசட்

கேசட்டுகளை நான் முன்கூட்டியே போட்டுப் பார்ப்பதில்லை. பார்த்தால் எனக்குச் சுவாரசியம் போய்விடும். அடுத்து என்ன ஆகும் என்று ஊரே தவிக்கும்போது, நிலைய இயக்குநரும் கூடவே உட்கார்ந்து தவிப்பார். அப்படி ஒரு நிலையம்.

ஆவணித் திருவிழா முடிந்த வாரம் கடைசி கேசட்டைப் போட்டேன். சாரதா பெட்டியோடு வாசல்படியில் நிற்கிறாள். உள்ளே ஓவியர். வெளியே அவளை அழைத்துப் போக அப்பாவின் கார். அப்பா கார்க் கதவைத் திறக்கிறார். சாரதா ஒரு காலை எடுத்து வைக்கிறாள்.

அவ்வளவுதான். திரை நீலமாகிவிட்டது.

வி.சி.ஆரைத் தட்டினேன், ஊதினேன், அதன் ஹெட்டைத் துடைத்தேன். மதுரைக்குப் போன் போட்டேன். அதற்குமேல் எடுக்கப் பணம் இல்லாமல் நிறுத்திவிட்டார்கள் என்று கடைக்காரர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

கீழே தெருவில் என்ன நடந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. எல்லாரும் வடிவைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் சமாளிக்கத் தெரியாமல், இது பாதிதான், மிச்சம் நாளைக்கு வரும், எங்க வீட்டுக்காரங்க வச்சிருக்காங்க என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அதே நாள் சாயங்காலம் திருச்செந்தூரிலிருந்து போன். மாமா நாளை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். வருஷம் முடிந்தது, மாப்பிள்ளையைக் கையோடு கூட்டிப் போக.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். நாடகம் பாதியில் நின்றது என்று தெரிந்தால் தெருவே கேபிளை அறுத்து எறிந்துவிடும். அதை மாமனார் வந்து நேரில் பார்க்க வேறு போகிறார். அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தை பேச முடியாது, சாவிக்கொத்துதான்.

அப்போது என் மூளையில் ஒரு வெளிச்சம். அடடா, இவர்கள்தான் படத்தைப் பார்ப்பதே இல்லையே! முதுகுதானே காட்டுகிறார்கள்? முடிவை நாமே பேசிவிட்டால் யாருக்குத் தெரியும்?

நானே மாமா, நானே மாப்பிள்ளை

மைக்செட்காரரிடம் ஒரு மைக் வாங்கினேன். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பனிடம் கேமரா வாங்கி வயரை மாட்டினேன். திரை நீலமாக இருந்தால் கேபிள் போய்விட்டது என்று அணைத்துவிடுவார்களே, அதனால் ஏதாவது காட்ட வேண்டும். சமையலறை ஆணியில் தொங்கிய மணிமுத்தாறு அருவிக் காலண்டரைக் கழற்றிக் கேமரா முன்னால் நிறுத்தினேன்.

வசனத்தை விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் எழுதினேன். முடிவு சோகம்தான். சாரதா அப்பாவின் காரில் ஏறிப் போய்விடுகிறாள், ஓவியன் வெறும் வாசலைப் பார்த்தபடி நிற்கிறான். சோகமாக முடித்தால்தான் கலை என்பது என் தீர்மானம். ஓவியனுக்கும் சாரதாவின் அப்பாவுக்கும் நான் குரல். சாரதாவுக்கு வடிவு.

காகிதத்தை வாங்கி வடிவு படித்தாள்.

"அவ போயிருதாளா?"

"போனாத்தான் கதை நிக்கும்" என்றேன்.

சரி என்று மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் மாமா வந்தார். பையில் ஒரு பொருள் கொண்டு வந்திருந்தார். மரத்தில் செதுக்கி வார்னிஷ் அடித்த பெயர்ப்பலகை. என் பெயர், அதற்குக் கீழே 'மேலாளர்'. மேசைமேல் அதை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவோம் என்றார். ரெண்டு மணிக்கு மேலே ஒரு சின்ன வேலை இருக்கு மாமா என்று நான் எழுந்தேன். வடிவும் பின்னாலேயே வந்தாள். அவர் டி.வி.யைப் போட்டு நாற்காலியை இழுத்தார்.

இரண்டு மணி

முதல் வசனம் வடிவுக்கு. "அப்பா, வந்துவிட்டீர்களா?"

இவ்வளவுதான் சொன்னாள். ஜன்னல் வழியாகத் தெருவில் மாரியக்கா சத்தம் கேட்டது: "ஏட்டி, இது நம்ம வடிவுல்லா!"

வாசலுக்கு வாசல் சிரிப்பு பரவிக்கொண்டே போனது. எனக்குக் காது மடல் சுட்டது. மாதக்கணக்காகக் காதாலேயே நாடகம் பார்த்தவர்களைக் குரலில் ஏமாற்றலாம் என்று நினைத்த ஒரே புத்திசாலி தாமிரபரணிக் கரையில் நானாகத்தான் இருப்பேன். படத்தில் ஏமாற்றியிருந்தாலாவது தப்பியிருப்பேன்.

மைக்கை அணைக்கக் கையை நீட்டினேன். வடிவு என் கையைத் தட்டிவிட்டாள். மேலே படியுங்க என்று கண்ணைக் காட்டினாள். படித்தேன். ஓவியனுக்கு மூக்கால் பேசினேன், அப்பாவுக்கு வயிற்றிலிருந்து பேசினேன். தெரு சிரித்தது. கீழே மாமா தண்ணி நிக்கி என்று கூப்பிட்டது அப்போதுதான்.

ஒருவழியாகக் கார்க் கதவுக்கு வந்தோம். வயிற்றுக் குரலில் சொன்னேன், "ஏறு அம்மா. அப்பா வீட்டில் உனக்கு என்ன குறை?"

காகிதத்தில் அடுத்த வரி: 'வருகிறேன் அப்பா.' அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். வடிவு காகிதத்தை மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகினாள்.

"நான் வரலப்பா."

தெருவில் சிரிப்பு நின்றது.

"நான் இங்கனதான் இருப்பேன். இவங்க நாளைக்கே பெரிய ஆளா வந்துருவாங்கன்னு நெனச்சுச் சொல்லல. வர மாட்டாங்க, அது எனக்கே தெரியும். ஊர்ல யாருக்கு எந்த நேரத்துல என்ன வேணும்னு பலகையில எழுதிப் போடுதாங்க. எனக்கு என்ன வேணும்னு ஒருநாளும் கேட்டதில்ல. நீங்களும் கேட்டதில்லப்பா. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். இந்தத் தெருவுல நாலு பேரு எனக்குன்னு இடம் போட்டு வச்சிருக்காங்க. எனக்கு அது போதும். லாட்ஜு கல்லாவுல உக்கார வச்சா இவங்க வாடிப் போயிருவாங்க. இவங்க வாடிப்போனா நான் மட்டும் என்னத்தப் பாத்துட்டு இருக்க?"

நாடகத்தில் எந்த லாட்ஜும் கிடையாது. அது யாருக்கும் குழப்பமாக இல்லை.

ஒரு வருஷமாக ஒரே வீட்டில் சாப்பிட்டும், எனக்காக இவள் லாட்ஜை வேண்டாம் என்று நினைத்திருப்பது எனக்குத் தெரியாது. ஊரோடு சேர்ந்து, மைக்கில்தான் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஆனால் ஒலிபரப்பு போய்க்கொண்டிருக்கிறது. அடுத்துப் பேச வேண்டியது அப்பா. அப்பா நான்தான். எனக்கு எழுதியிருந்த வசனமெல்லாம் காரைப் பற்றியது, ஒன்றும் பொருந்தாது. தெருவே காத்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் வயிற்றிலிருந்து ஒரே வார்த்தை சொன்னேன்.

"சரிம்மா."

என் மாமனாரின் சார்பில், அவரைக் கேட்காமல், எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு

தெரு கேபிளை அறுக்கவில்லை. அப்புறம் சாரதா என்ன பண்ணினாள் என்று மறுநாள் காலையிலேயே மாரியக்கா வீட்டுக்கு வந்து கேட்டாள். வடிவு மேலே போய் மைக்கைப் பிடித்துச் சொல்ல ஆரம்பித்தாள். பெரிய சேனல்காரர்கள் மதிய நாடகங்களைக் கொண்டு வந்து எங்களை ஒன்றுமில்லாமல் ஆக்கும்வரைக்கும் இரண்டு மணி வடிவுடையதாகத்தான் இருந்தது. அருவி அப்படியே திரையில் நின்றது. ஓவியனுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவாள், அதுவும் திட்டு வாங்குகிற காட்சி என்றால். பலகையில் எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். புது வருஷம் பிறந்தால் காலண்டரை மாற்றுவது என் பொறுப்பு.

ஆனால் அன்று மாடியிலிருந்து இறங்கியதை இன்னும் சொல்லவில்லை.

வடிவு கீழே போக மாட்டேன் என்றாள். நீங்க போய்ப் பேசுங்க என்று என்னைப் படியில் தள்ளிவிட்டாள். என்ன சொல்வது, மாமா அது கதைக்காகச் சொன்னது என்று தொடங்கலாமா, காலில் விழலாமா என்று யோசித்துக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினேன். மேசைமேல் பெயர்ப்பலகை இல்லை. அவருடைய பையின் வாய் திறந்து, அதற்குள் மரத்தின் ஒரு முனை தெரிந்தது.

மாமா நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார். டி.வி.க்கு முதுகு, முகம் வாசலைப் பார்த்து. எதிர்வீட்டு வாசலில் பெண்கள் தலை குனிந்து கை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அவர்களைப் போலவே கையை மடியில் வைத்துக் குனிந்திருந்தார்.

"மாமா..." என்றேன்.

அவர் திரும்பவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டப்ப தலைய ஆட்டினா மாப்ளே. அவ்வளவுதான். எம்மக இம்புட்டுப் பேசி நான் கேட்டதே இல்ல."

பக்கத்தில் நின்றேன். அவரே கேட்டார், நாளைக்கும் இதே நேரந்தானா என்று. அதுவரை நாளையைப் பற்றி யோசிக்காத நான், ஆமா மாமா, ரெண்டு மணிக்கு என்றேன்.

"இன்னைக்குச் சத்தம் பத்தல" என்றார். "நாளைக்குக் கூட வைங்க. நான் இருந்து கேட்டுட்டுப் போறேன்."